பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம்

சுவரில் பதித்திருந்த ஒலிபெருக்கி பேசத் தொடங்கியபோது வடிவு காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தென்காசி கருப்பேழை மையத்தில் சென்ற ஆண்டு ஏழு சிசுக்கள் இறந்துள்ளன. வெறும் தற்செயலாக இப்படி நடப்பதற்கு எழுநூற்று நாற்பதில் ஒரு வாய்ப்புதான் உண்டு. மையத்தின் பொறுப்பாளர் உலகம்மையைப் பணியிலிருந்து நீக்கி, குற்ற நடவடிக்கை எடுக்க, இறந்த சிசுவின் பெற்றோர் என்ற முறையில் உங்கள் சம்மதம் கோரப்படுகிறது. மற்ற ஆறு குடும்பங்களும் சம்மதம் தெரிவித்துவிட்டன."

பேசியது அரசு ஆணையத்தின் தணிக்கைப் பொறி. மாநிலத்திலுள்ள எல்லாக் கருப்பேழை மையங்களையும் கண்காணிப்பது அதுதான். வடிவு மடித்த சேலையை மறுபடியும் பிரித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போன ஆண்டுகளில் தென் மாவட்டங்களில் பிள்ளை சுமப்பது உயிரோடு விளையாடுகிற காரியமாகிவிட்டிருந்தது. நான்காம் மாதத்தில் கருவைத் தாயிடமிருந்து எடுத்து, வெதுவெதுப்பான நீர் நிறைந்த கண்ணாடிப் பேழைக்குள் வைத்து வளர்ப்பார்கள். மாநிலத்தில் அப்படி நானூறு மையங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு நூற்றிருபது பேழைகள். எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாலும் நூற்றுக்கு இரண்டு தங்குவதில்லை. ஏன் என்று மருத்துவர்களாலும் சொல்ல முடியவில்லை. வடிவின் மகள் ஏழாம் மாதத்தில், ஒரு காலை நேரத்தில், பேழைக்குள் அசைவில்லாமல் கிடந்தாள்.

அன்று முதல் வடிவு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "வயித்துலயே வச்சிருந்திருக்கணும். நாந்தான் பேழைக்குச் சரின்னேன். நாந்தான் கொன்னேன்."

அவள் கணவன் சொரிமுத்து கூரைச் சூரியத்தகடுகளைப் பழுதுபார்க்கிறவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செய்தியைக் கேட்டதும் கருவிப்பையைக் கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"சொன்னேன்லா? அந்தப் பொம்பளதான். எழுநூத்தி நாப்பதுல ஒண்ணுன்னா என்ன அர்த்தம்? அவ ஏதோ செஞ்சிருக்கா. சம்மதம்னு சொல்லு வடிவு. இப்பவே சொல்லு."

வடிவுக்கும் அந்த எண்ணின் மேல் சந்தேகம் வரவில்லை. வாய்ப்புக் கணக்குதான் அவள் சோறு. ஒரு ரயில் நிறுவனத்தில், சீட்டு வாங்கிய பயணிகளில் எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பக் கூடுதலாக எத்தனை சீட்டு விற்கலாம் என்று சொல்வது அவள் வேலை. ஒவ்வொரு பயணியும் ஒன்று வருவார், இல்லை வரமாட்டார். அப்படிப்பட்ட ஆயிரம் பேரைத் தனித்தனியாகக் கணக்கிடத் தேவையே இல்லை. சராசரியைப் பிடித்து, அதிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதைப் பார்த்து, மேலே ஒரு மணிவடிவ வளைவை வைத்தால் விடை வந்துவிடும். அந்த வளைவு அவளை ஏமாற்றியதே இல்லை. பொறியும் அதே வளைவைத்தான் பயன்படுத்துகிறது. இருநூறில் ஒன்றுக்கும் குறைந்த வாய்ப்பு என்று வந்தால், அதைத் தற்செயல் என்று சட்டம் ஒத்துக்கொள்ளாது.

"நாளைக்குச் சொல்லுதேன்," என்றாள். "அதுக்கு முன்ன அவ மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்."

"பாத்து என்ன செய்யப்போற?"

"கேக்கணும். ஏன் செஞ்சன்னு கேக்கணும்."

மறுநாள் காலையில் குற்றாலம் சாலையிலிருந்த மையத்துக்குப் போனாள். மகள் இறந்த பிறகு அந்தப் படியை அவள் மிதிக்கவில்லை. உலகம்மை கூடத்தின் வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை மேலங்கியின் பைகளுக்குள் இரண்டு கைகளையும் நுழைத்திருந்தாள். பின்னால் பேழைகள் மங்கிய வெளிச்சத்தில் வரிசையாகத் தெரிந்தன. இளம் பணியாளர் ஒருத்தி ஒவ்வொன்றாகத் திறந்து நீரின் சூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, உலகம்மை தூரத்திலிருந்தே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வடிவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்கம்மா. உங்க பிள்ள அந்த மூணாவது வரிசைல இருந்தா."

வடிவு கேட்க வந்ததை மறந்துபோனாள். வேறு ஒன்று வாயில் வந்தது. "நீங்க ஏன் மேடம் கிட்டக்க போக மாட்டேங்கிய?"

உலகம்மை கைகளைப் பைக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டாள்.

"பயமா இருக்கு," என்றாள். "பொறி சொன்ன நாள்ல இருந்து நான் எந்தப் பேழையையும் தொடல. இருபது வருசமா இந்த வேலை பாக்கேன். ஏழு பிள்ளையளோட ஒவ்வொரு நாளையும் திரும்பத் திரும்ப நினைச்சுப் பாத்துட்டேன். ஒரு தப்பும் கிடைக்கல. ஆனா பொறி பொய் சொல்லாதுல்லாம்மா? அப்ப எனக்கே தெரியாம என் கை ஏதோ செஞ்சிருக்கு. மருந்த மாத்தி விட்டேனோ, தூக்கக் கலக்கத்துல எதையும் திருகினேனோ... ராத்திரி எந்திரிச்சு என் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"விசாரணை கேக்கலியா?"

"எதுக்கு? நீங்க சம்மதம் சொல்லிருங்க. நான் ஒண்ணும் மறுக்கப்போறதில்ல. ஒரே ஒரு கவலைதான். புது ஆள் வர்ற வரைக்கும் மையத்த மூடிருவாவ. உள்ள இருக்க பிள்ளையள மதுரைக்குக் கொண்டுபோகணும். இந்த வெயில்ல, வண்டில. அதுல எத்தன தாங்கும்னு தெரியல."

வடிவு அங்கிருந்து வந்துவிட்டாள். குற்றவாளியின் முகம் எப்படியிருக்கும் என்று அவள் கற்பனை செய்து வைத்திருந்தது ஒன்று. பார்த்தது வேறு.

மத்தியானம் அலுவலகத்தில் ரயில் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு மையத்தின் எண்களைத் திரையில் போட்டாள். நூற்றிருபது பேழைகள். நூற்றுக்கு இரண்டு. சராசரி இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. விலக்கம் ஒன்றரை. ஏழு என்பது சராசரியிலிருந்து மூன்று விலக்கம் தள்ளி நின்றது. பொறி சொன்ன எழுநூற்று நாற்பது அப்படியே வந்தது.

ஒரு சின்னத் திருத்தம் செய்து பார்த்தாள். பயணிகளை முழுதாகத்தான் எண்ண முடியும், அரைப் பயணி கிடையாது. வளைவோ இடைவெளியில்லாமல் ஓடுவது. அதனால் ஏழிலிருந்து பார்க்காமல் ஆறரையிலிருந்து பார்க்க வேண்டும். பெரிய ரயில்களுக்கு அந்த அரையால் எந்த வித்தியாசமும் வராது, அவள் சேர்ப்பதேயில்லை. இங்கே சேர்த்தாள். எழுநூற்று நாற்பது, இருநூற்று அறுபத்தாறாக இறங்கியது.

அப்போதும் இருநூறைத் தாண்டித்தான் நின்றது. அப்போதும் உலகம்மை குற்றவாளிதான்.

நாற்காலியில் சாய்ந்தாள். மனம் சப்பென்று போனது. அந்தப் பெண் தப்பிக்க வேண்டும் என்று தான் ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மகளுக்குத் துரோகம் செய்துவிட்டதைப் போல இருந்தது.

திரையை மூடப்போனவள் கை நின்றது. வளைவின் வலது ஓரத்தையே, ஏழு இருக்கிற பக்கத்தையே, இதுவரை பார்த்துக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் வளைவு இரண்டுக்கு இறங்கி, ஒன்றுக்கு இறங்கி, பூஜ்ஜியத்தைத் தொட்டும் நிற்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது? பூஜ்ஜியத்தை விடக் குறைவான சாவு. ஒரு குழந்தைகூட இறக்காதது மட்டுமல்ல, இறந்த ஒன்று திரும்பி வருவது. அதற்கும் அந்த வளைவு நல்ல பெரிய இடமாக ஒதுக்கி வைத்திருந்தது.

வடிவு அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து முகம் கழுவப் போனாள். திரும்பி வர வெகுநேரமாயிற்று.

அன்று மாலை பொறியிடம், "சம்மதம் சொல்ல மாட்டேன். நேர்விசாரணை வேணும்," என்று பதில் சொன்னாள். பெற்றோரில் ஒருவர் கேட்டாலும் விசாரணை நடத்தியாக வேண்டும்.

சொரிமுத்து கொதித்துப்போனான். "நம்ம பிள்ள செத்துருக்கு. நீ அவளுக்கு வக்காலத்து வாங்குதியா?"

"வக்காலத்து இல்லங்க. கணக்கு தப்பா இருக்கு."

"தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது! யாராவது ஒருத்தர் செஞ்சதா இருக்கணும்லா?"

அவன் குரலில் கோபத்தை விடக் கெஞ்சல்தான் அதிகமிருந்தது. வடிவு அதை அப்போது கவனிக்கவில்லை.

விசாரணை ஆணையத்தின் தென்காசி அலுவலகத்தில் நடந்தது. ஆணையர் ஜெயசிங் நிதானமான மனிதர். எதிரே உலகம்மை அதே மேலங்கியோடு, கைகளைப் பைக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். சொரிமுத்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நிமிடத்தில் வந்து பின்வரிசையில் அமர்ந்தான்.

"பொறி தப்புப் பண்ணிருச்சுன்னு சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார் ஜெயசிங்.

"இல்ல சார். அதுக்குச் சொல்லிக்கொடுத்தத அது சரியாத்தான் செய்யுது. நான் பொறிகிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க."

வடிவு ஒலிபெருக்கியைப் பார்த்துத் திரும்பினாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க முறைப்படி, இந்த மையத்துல ஒரு வருசத்துல பூஜ்ஜியத்த விடக் குறைவாப் பிள்ளைங்க சாகறதுக்கு என்ன வாய்ப்பு?"

பொறி யோசிக்கவேயில்லை. "நூற்றுக்கு ஆறு."

ஜெயசிங் தலையை நிமிர்த்தி ஒலிபெருக்கியைப் பார்த்தார். தான் கேட்டது சரிதானா என்பதுபோல மறுபடியும் அவரே கேட்டார். அது மறுபடியும் அதையே சொன்னது.

"நூத்துல ஆறு, சார்," என்றாள் வடிவு. "செத்த பிள்ள திரும்பி வர்றதுக்கு நூத்துல ஆறு வாய்ப்பு. அது நெசமா இருந்தா நான் இங்க வந்து உக்காந்திருக்க மாட்டேன். அந்தப் பேழை பக்கத்துலயே பாய விரிச்சுப் படுத்திருப்பேன்."

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

ஜெயசிங் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். "இது எப்படி வருதுன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"நானும் தினம் இதே வளைவ வச்சுத்தான் வேல பாக்கேன் சார். ஒரு ரயில்ல ஆயிரம் பேரு சீட்டு வாங்கினா நூறு பேரு வர மாட்டாவ. நூறுக்கு ரெண்டு பக்கமும் நிறைய இடம் இருக்கு. எண்பது பேரு வராமப் போகலாம், நூத்தி இருபது பேரும் வராமப் போகலாம். வளைவு அதுல சரியாப் பொருந்தும். இங்க சராசரியே ரெண்டரைக்குக் கீழ. இடப்பக்கம் விழறதுக்கு இடமே இல்ல, சுவரு மாதிரி பூஜ்ஜியம் நிக்குது. அதனால உண்மையான கணக்கு வலப்பக்கமா நீண்டு போகும். வளைவுக்கு அந்தச் சுவரு தெரியாது. இல்லாத இடத்துக்கு வாய்ப்பக் கொடுத்துட்டு, ஏழு எட்டுன்னு இருக்க பக்கத்துல கொறச்சிருது."

"பின்ன ஏன் சட்டத்துல இப்படி எழுதுனாங்க?"

"தேடிப் பாத்தேன் சார். தொழிற்சாலைச் சாமான்களச் சோதிக்க எழுதின விதி. லட்சக்கணக்குல திருகாணி செய்யுத எடத்துல அது நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு. மையங்க வந்தப்போ அதையே எடுத்து ஒட்டிட்டாவ. பொறி சட்டத்த மீற முடியாதுல்லா."

ஜெயசிங் தலையசைத்தார். விளக்கத்துக்காக வேறு முறையில் கணக்குக் கேட்கிற அதிகாரம் ஆணையருக்கு உண்டு. "வளைவ விட்டுரு," என்றார் பொறியிடம். "ஒவ்வொரு பேழையாக் கூட்டி, நேர் கணக்காச் சொல்லு. ஏழோ அதுக்கு மேலயோ இறக்க என்ன வாய்ப்பு?"

"தொண்ணூற்று மூன்றில் ஒன்று."

உலகம்மை நிமிர்ந்தாள். அந்த எண் நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வடிவின் முகத்தையே பார்த்தாள்.

"இருநூறுக்கு உள்ள வந்துருச்சு," என்றார் ஜெயசிங். "சட்டப்படி நடவடிக்கைக்கு இடமில்ல. ஆனாலும் தொண்ணூத்தி மூணுல ஒண்ணுங்கறது அபூர்வம்தானேம்மா? இவங்க தப்பே செய்யலன்னு இது சொல்லுதா?"

"செஞ்சாங்கன்னும் சொல்லல, செய்யலன்னும் சொல்லல சார். ஒரே மையத்த மட்டும் பாத்தா அபூர்வம்தான். மொத்தம் நானூறு மையம் இருக்கே. தொண்ணூத்தி மூணுல ஒண்ணுன்னா, யாரும் ஒரு தப்பும் செய்யாமலே வருசா வருசம் ஏதோ ஒரு நாலு மையத்துல இப்படி நடந்துதான் தீரும். பொறியோட வளைவு சரியா இருந்தா ரெண்டு வருசத்துக்கு ஒரு மையம் மாட்டினாலே பெருசு." வடிவு கொஞ்சம் தயங்கினாள். "போன வருசம் எத்தன பொறுப்பாளர் மேல நடவடிக்க எடுத்திய சார்?"

ஜெயசிங் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நாலு பேர்."

"அதுக்கு முந்தின வருசம்?"

"அஞ்சு. அதுக்கு முன்னாடியும் நாலு." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "அவங்களை நீக்கின பிறகு அந்த மையங்கள்ல எல்லாம் சாவு குறைஞ்சிருச்சு. நாங்க அதைப் பெரிய வெற்றின்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

"நீக்காம விட்டிருந்தாலும் குறைஞ்சிருக்கும் சார். கெட்ட நேரம் ஒரே வீட்ல வருசக்கணக்கா உக்காந்திருக்காது."

ஜெயசிங் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு உலகம்மை மேலான நடவடிக்கையை ரத்து செய்வதாகவும், பழைய வழக்குகள் அத்தனையையும் நேர் கணக்கில் மறுபடியும் பார்க்க ஆணையிடுவதாகவும் பொறிக்குச் சொன்னார். ஒரு பெண் இன்னும் சிறையில் இருப்பதால் அவள் வழக்கை முதலில் எடுக்கச் சொன்னார்.

உலகம்மை அழவில்லை. மேலங்கிப் பைகளிலிருந்து கைகளை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல்களை நீட்டி மடக்கினாள். "அப்ப நான் ஒண்ணும் செய்யலியாம்மா?" என்று கேட்டாள், சின்னப் பிள்ளை கேட்பதைப் போல.

"ஏழு பிள்ளையளையும் நினைச்சு நினைச்சுப் பாத்தியள்லா, ஒண்ணுமில்லன்னு? அதுதான் அக்கா நெசம். பொறிக்காக அத நீங்க சந்தேகப்பட்டிய."

உலகம்மை எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான, உறுதியான கை. பிடித்த பிடியை விட அவளுக்கு மனமில்லை. கடைசியில், மத்தியானம் மாதம் நிறைந்த ஒரு பிள்ளையைப் பேழையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், தான் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனாள்.

வெளியே வந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. சொரிமுத்து கூடவே நடந்தான். முக்கில் இருந்த சாப்பாட்டுக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

"அப்ப யாரு செஞ்சா?" என்று கேட்டான்.

"யாரும் இல்லங்க."

"ஒருத்தருமே இல்லையா?"

"ஒருத்தருமே இல்ல."

அவன் சாலையைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கும் தெரியும் வடிவு. அந்தம்மா செஞ்சிருக்காதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். பிள்ளையப் பாக்கப் போம்போதெல்லாம் பாத்திருக்கேன்லா. பேழைகிட்ட நின்னு பேசிக்கிட்டே இருக்கும்."

வடிவு திடுக்கிட்டுத் திரும்பினாள். "பின்ன ஏங்க சம்மதம் சொல்லு, சம்மதம் சொல்லுன்னு..."

"நீ தினமும் சொல்லுதியே. நாந்தான் கொன்னேன், நாந்தான் பேழைக்குச் சரின்னேன்னு. அத என்னால கேக்க முடியல. வேற யாரு மேலயாவது பழி விழுந்தா நீ நிறுத்திருவன்னு நினைச்சேன். அந்தம்மா வாழ்க்க போனாலும் பரவால்லன்னு நினைச்சிட்டேன் பாத்துக்கோ." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சாரலா கண்ணீரா என்று தெரியவில்லை. "நீ உள்ள 'யாரும் தப்பு செய்யாமலே'ன்னு சொன்னப்ப உன்னையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுல நீயும் உண்டுல்லா? உன்னையும் சேத்துத்தானே சொன்ன?"

நானூறு மையங்களின் கணக்கைப் போட்டபோது, ஆணையரிடம் அத்தனை தெளிவாகப் பேசியபோது, அந்த ஒரு ஆளை வடிவு சேர்த்துக்கொள்ளவேயில்லை. அவனுக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கிறது.

மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. தகரத்தின் மேல் சாரல் விழுகிற சத்தம் அவளுக்குத் திடீரென்று நன்றாகக் கேட்டது.

"ஆமா," என்றாள். "என்னையும் சேத்துத்தான்."

கடைக்காரர் கல்லில் எண்ணெய் ஊற்றினார். வாசனை வந்ததும் வடிவுக்குப் பசித்தது. சும்மா பசி இல்லை, அகோரப் பசி.

"எனக்கு நாலு புரோட்டா வேணும்," என்றாள்.

சொரிமுத்து அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற குரலில், "அண்ணாச்சி, எட்டு புரோட்டா போடுங்க!" என்றான்.